யுனிவர்சல் ரிமோட் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

எல்லாக் கருவிகளையும் ஒரே ரிமோட்டில் இயக்க, ஹோம் தியேட்டருக்கு யுனிவர்சல் ரிமோட் வாங்கிய வீடுகளில் வரும் புகார்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். தெரிந்தவர்கள் வீட்டில் இவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ரிமோட்டில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து புரோகிராம் செய்வது, வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டிய வேலை. ஆனால் நிறையப் பேர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஒரு கருவி கேட்கவில்லை என்று அழிக்கப்போய், ஒழுங்காக இருந்த மற்ற கருவிகளும் போய்விடுகின்றன. சிக்கல் எங்கே என்று முதலில் பிடியுங்கள். பல நேரம் ரிமோட்டின் செட்டிங்கைத் தொடவே வேண்டியிருக்காது.

தொடங்கும் முன் மூன்று பொருள்களை எடுத்து வையுங்கள்: ஒவ்வொரு கருவியுடனும் வந்த ஒரிஜினல் ரிமோட், புதுச் செல்கள், கேமரா உள்ள கைபேசி. எந்தக் கருவியின் ஒரிஜினல் ரிமோட் தொலைந்துவிட்டதோ அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் சோதிக்கும் வழிகள் குறைவு.

## எதை அழுத்தினாலும் எந்தக் கருவியும் அசையவில்லை

செல்லிலிருந்து தொடங்குங்கள். ரிமோட்டின் மேலே சின்ன விளக்கு எரிகிறது என்பதால் செல் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த விளக்கு கொஞ்சம் மின்சாரத்திலேயே எரியும். முன்பக்கத்து அகச்சிவப்பு (ஐஆர்) எல்இடிக்குத் தேவைப்படுவது அதைவிட மிக அதிகம். ரீசார்ஜ் செல் போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள். அல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட். இரண்டு செல் ரிமோட்டில் 0.6 வோல்ட் குறைந்துவிடுகிறது. சில ரிமோட்டுகள் இதைத் தாங்கும், சில தாங்காது. சோதித்து முடிக்கும்வரை புது அல்கலைன் செல்லே இருக்கட்டும்.

அடுத்தது கேமரா சோதனை. கைபேசியின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராக நீட்டி ஒரு பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பல கைபேசிகளில் பின்பக்க கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும். செல்ஃபி கேமராவில்தான் தெரியும். விளக்கைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் திரையில் ஊதா கலந்த வெள்ளையாக ஒரு புள்ளி துடிப்பது தெளிவாகத் தெரியும்.

புள்ளி தெரிகிறது: ரிமோட் அனுப்புகிறது. அப்படியானால் அது எந்தக் கருவிக்கு அனுப்புகிறது என்று பாருங்கள். டிவி, ஆடியோ, டிவிடி என்று தனித்தனி மோட் பட்டன் உள்ள ரிமோட்டுகளில், தவறான மோடில் இருப்பதுதான் பல நேரம் காரணம். டிவி பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

புள்ளி தெரியவில்லை: முதலில், நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டை அதே கேமராவில் பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால் கேமராதான் உதவவில்லை. அது தெரிந்து, இது தெரியாவிட்டால் சிக்கல் ரிமோட்டில்தான். செல்களைக் கழற்றி, எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை அழுத்தி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். சிக்கிக்கொண்ட சிப் இதிலேயே விழித்துவிடும். செல் அறையின் ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். அல்கலைன் செல் கசிந்தால் அப்படித்தான் ஆகும். அது காரம், கையுறை போட்டுக்கொண்டு, வினிகரில் லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

இதற்குப் பிறகும் புள்ளி வரவில்லை என்றால் எல்இடியோ சர்க்யூட்டோ போயிருக்கிறது. சாதாரண ரிமோட்டைப் பழுதுபார்க்கக் கொடுப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல்.

## ஒரே ஒரு கருவி மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது

அந்தக் கருவியின் ஒரிஜினல் ரிமோட்டை எடுத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே அழுத்திப் பாருங்கள்.

ஒரிஜினலும் வேலை செய்யவில்லை: யுனிவர்சல் ரிமோட் மேல் தப்பில்லை. கருவியின் சென்சாரை ஏதோ மறைக்கிறது, அல்லது சென்சாரே போய்விட்டது. டிவியின் கீழ் விளிம்பில் இருக்கும் சென்சாரை, முன்னால் வைத்த சவுண்ட்பார் மறைப்பது அடிக்கடி நடக்கிறது. சவுண்ட்பாரை ஒரு கை அளவு நகர்த்திவைத்து முயலுங்கள். நகர்த்தியும், கிட்டப் போய் அழுத்தியும் பலனில்லை, ஆனால் கருவியின் மேல் உள்ள பட்டன்கள் வேலை செய்கின்றன, ஒரிஜினல் ரிமோட்டின் ஒளியும் கேமராவில் தெரிகிறது என்றால், சென்சார் பகுதியை மாற்ற வேண்டும். அது டெக்னீஷியன் வேலை. டிவியையோ ரிசீவரையோ (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) நீங்களே திறக்காதீர்கள்.

ஒரிஜினல் வேலை செய்கிறது: இப்போது அந்த ஒரிஜினலைக் கேமரா முன் காட்டுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஃபயர் டிவி ஸ்டிக் ரிமோட் போன்றவற்றில் பவர், வால்யூம் பட்டன்கள் டிவிக்காக அகச்சிவப்பை அனுப்பும். ஸ்டிக்கை இயக்கும் அம்புக்குறிப் பட்டன்கள் புளூடூத்தில் போகும். வால்யூமை அழுத்திப் புள்ளியைப் பார்த்துவிட்டு, “இதுவும் ஐஆர்தான்” என்று மணிக்கணக்கில் லேர்னிங் (ஒரிஜினல் ரிமோட்டின் பட்டனை யுனிவர்சல் ரிமோட்டுக்குக் கற்பிப்பது) செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. அதனால் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள்.

அம்புக்குறிக்குப் புள்ளி வரவில்லை என்றால் அந்தக் கருவி பெரும்பாலும் ஐஆர் கேட்பதில்லை. ஃபயர் டிவி ஸ்டிக்குக்கும் பிளேஸ்டேஷன் 5க்கும் ஐஆர் சென்சாரே கிடையாது. எந்தக் குறியீட்டு எண்ணை (கருவியின் பிராண்டுக்கேற்ப யுனிவர்சல் ரிமோட்டில் போடும் எண்) போட்டாலும் பயனில்லை. இதற்கு இரண்டு வழி. புளூடூத் பேசும் யுனிவர்சல் ரிமோட்டுக்கு மாறலாம். அதற்கு முன், செலவில்லாத வழியை முயலுங்கள்: டிவியிலும் ஸ்டிக்கிலும் எச்டிஎம்ஐ-சிஇசியை (எச்டிஎம்ஐ கேபிள் வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் செய்துவிட்டு, யுனிவர்சல் ரிமோட்டில் டிவியின் அம்புக்குறிகளை அழுத்துங்கள். டிவி அந்தக் கட்டளையை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஸ்டிக்குக்குக் கடத்திவிடும். எல்லாப் பட்டனும் கடக்காது. ஆனால் மேலே, கீழே, ஓகே, பேக் இவ்வளவு வந்துவிட்டால் தினசரிப் பயன்பாட்டுக்குப் போதும்.

ஆப்பிள் டிவியின் கதை வேறு. அதனுடன் வரும் ரிமோட் பெட்டியுடன் புளூடூத்தில் பேசும், ஆனால் பெட்டியில் ஐஆர் சென்சார் இருக்கிறது. செட்டிங்கில் ரிமோட் பகுதிக்குப் போனால், வேறொரு ரிமோட்டின் பட்டன்களைப் பெட்டியே கற்றுக்கொள்ளும் வசதி உண்டு. யுனிவர்சல் ரிமோட்டில் பயன்படுத்தாத ஏதாவது ஒரு மோடை எடுத்து அதற்குக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

புள்ளி வருகிறது, ஆனாலும் யுனிவர்சல் ரிமோட்டுக்கு மட்டும் கேட்கவில்லை என்றால், குறியீட்டு எண் தவறு. அதே பிராண்டின் அடுத்த எண்ணைப் போடுங்கள். பட்டியல் தீர்ந்துவிட்டால் தானாகத் தேடும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஒன் ஃபார் ஆல் ரிமோட்டுகள் பலவற்றில் அதற்கான எண் 991. அதற்கும் பிடிபடாதது ஏவி ரிசீவரோ ப்ளூரே பிளேயரோ என்றால் ரிமோட் ஐடியைப் பாருங்கள். யமஹா ரிசீவர்களில் ஐடி 1, 2 என்றும், ஒன்கியோவில் 1 முதல் 3 வரையும், சோனி ப்ளூரே பிளேயர்களில் பிடி 1 முதல் பிடி 3 வரையும் உண்டு. ஒரே பிராண்டில் இரண்டு கருவி வைத்திருப்பவருக்காகக் கொடுத்த வசதி இது. முன்பு யாரோ ஐடியை மாற்றி வைத்திருந்தால், சரியான குறியீட்டு எண்ணும் தவறானது போலவே நடந்துகொள்ளும்.

## பவர் வேலை செய்கிறது, பாதிப் பட்டன்கள் வேலை செய்யவில்லை

எண்ணைத் தேடும்போது டிவி அணைந்ததும் “கிடைத்துவிட்டது” என்று நிறுத்திவிட்டதன் விளைவு இது. ஒரு பிராண்டுக்குப் பல எண்கள் இருக்கும். அவற்றில் பலவற்றில் பவர் பட்டன் ஒன்றாகவே இருக்கும். மெனுவும் இன்புட்டும்தான் மாறும். அதனால் எண்ணைச் சோதிக்கும்போது பவரோடு நிறுத்தாமல், மெனு, அம்புக்குறி, இன்புட், வால்யூம் நான்கையும் அழுத்திப் பாருங்கள். எல்லாம் வருகிற எண்ணை ஒரு தாளில் எழுதி செல் அறை மூடியின் உள்ளே ஒட்டிவிடுங்கள். ஒருநாள் நிச்சயம் தேவைப்படும்.

எந்த எண்ணிலும் ஓரிரு பட்டன் மட்டும் வரவில்லை என்றால் லேர்னிங்தான் வழி. இதை நிதானமாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் பாதி கற்ற பட்டன் கற்காததைவிட அதிகத் தொல்லை தரும். இரண்டு ரிமோட்டிலும் புதுச் செல் போடுங்கள். மேசைமேல் இரண்டையும் மூக்கோடு மூக்காக, 2 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் படுக்கவையுங்கள். யுனிவர்சல் ரிமோட்டில் கற்கும் சென்சார் சில சமயம் பக்கவாட்டில் தள்ளி இருக்கும். கையேட்டின் படத்தைப் பாருங்கள். மேலே எரியும் விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒரிஜினல் பட்டனைக் கையேடு சொல்லும் நேரம் அழுத்துங்கள். பொதுவாக ஒரு விநாடி போதும்.

ரொம்பக் குறைவாகத் தொட்டாலும் ஆபத்து, ரொம்ப நேரம் பிடித்தாலும் ஆபத்து. சோனி கருவிகள் பல, ஒரே கட்டளை 3 முறை அடுத்தடுத்து வந்தால்தான் ஏற்கும். பட்டனைத் தொட்டும் தொடாமலும் விட்டால் கற்ற கட்டளையில் அது குறைந்துபோகும். ரிமோட் கற்றதாகச் சொல்லும், டிவி கேட்காது. நீண்ட நேரம் பிடித்தால், அப்புறம் ஒருமுறை அழுத்தும்போது இரண்டு மூன்று படி தாண்டும். ஒவ்வொரு பட்டனையும் கற்பித்த கையோடு சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முப்பது பட்டனையும் கற்பித்துவிட்டுச் சோதித்தால் எது கோணல் என்று தேடவே நேரம் போய்விடும்.

லேர்னிங்கில் யாரும் எதிர்பார்க்காத ஒரு கோளாறு உண்டு: கற்றுக்கொடுத்த எண் பட்டன் முதல் அழுத்தலுக்கு வேலை செய்யும், உடனே மறுபடி அழுத்தினால் கேட்காது. 11ஆம் சேனல் வேண்டும் என்று 1ஐ இரண்டு முறை அழுத்தினால் 1ஆம் சேனலுக்குப் போய் நின்றுவிடும். பிலிப்ஸின் ஆர்சி-5, ஆர்சி-6 முறையைப் பயன்படுத்தும் கருவிகளில் இது வரும். ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் கட்டளையில் ஒரு பிட் மாற வேண்டும். அது மாறாவிட்டால் விரலை எடுக்கவே இல்லை என்று கருவி நினைத்துக்கொள்ளும். கற்ற பட்டன் எப்போதும் ஒரே பிட்டைத்தான் அனுப்பும். எத்தனை முறை மறுபடி கற்பித்தாலும் இது தீராது. அந்தக் கருவிக்கு லேர்னிங்கை விட்டுவிட்டு, ரிமோட்டின் உள்ளேயே இருக்கும் குறியீட்டு எண்ணுக்கு மாறுங்கள். அதில் பிட் தானாக மாறும்.

பேங் அண்ட் ஓலுஃப்சென் கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான ரிமோட்டுகள் 36 முதல் 40 கிலோஹெர்ட்ஸில் பேசும். இவர்களுடையது 455 கிலோஹெர்ட்ஸ். அதை ஆதரிப்பதாகத் தெளிவாகச் சொல்லாத ரிமோட்டால் கற்க முடியாது.

நேற்றுவரை வந்த பட்டன் இன்று அழுத்தி அழுத்தித்தான் வருகிறது என்றால் புரோகிராமில் தப்பில்லை, ரப்பரில்தான். ரிமோட்டைப் பிரித்து, ரப்பர் தாளின் அடியில் உள்ள கறுப்புப் புள்ளிகளையும் சர்க்யூட் போர்டையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் கரிப்பூச்சு வந்துவிடும்.

## வால்யூம் தப்பான கருவிக்குப் போகிறது

ஸ்ட்ரீமிங் மோடில் வால்யூமை அழுத்தினால் ரிசீவருக்குப் பதில் டிவியில் பட்டை வருகிறதா? வால்யூம் லாக் என்ற வசதி கையேட்டில் இருக்கும். எந்த மோடில் இருந்தாலும் வால்யூம், மியூட் பட்டன்கள் ரிசீவருக்கே போகும்படி அதில் பூட்டிவிடலாம். பூட்டியும் டிவி ஸ்பீக்கரில் சத்தம் வந்தால், டிவியின் ஆடியோ அவுட்புட்டை வெளி ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் ரிசீவரிலிருந்து வரும் கேபிள் டிவியில் ஏஆர்சி (ARC) என்று எழுதிய போர்ட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகினால் டிவியின் சத்தம் ரிசீவருக்குத் திரும்பி வராது.

## ஒரே பட்டனில் எல்லாம் ஆன் ஆக வேண்டும். ஆனால் ஒன்று ஆன் ஆகும்போது இன்னொன்று ஆஃப் ஆகிறது

எல்லாரும் ரிமோட்டைக் குறை சொல்வது இதற்காகத்தான். ரிமோட் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

முதலில் சிஇசியைப் பாருங்கள். இதை சாம்சங் எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது, பானசோனிக் வியரா லிங்க் என்கிறது. இது ஆனில் இருந்தால் டிவி எழுந்ததும் ரிசீவரையும் எழுப்பிவிடும். அடுத்த விநாடியே உங்கள் மேக்ரோவின் (ஒரே பட்டனில் வரிசையாகப் போகும் கட்டளைத் தொகுப்பு) பவர் கட்டளை ரிசீவருக்கு வந்து, எழுந்ததை அணைத்துவிடும். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஒருவர் விலக வேண்டும். சிஇசியிடம் பவரை ஒப்படைத்துவிட்டால் மேக்ரோவிலிருந்து ரிசீவரின் பவரை எடுத்துவிடுங்கள். மேக்ரோ பார்த்துக்கொள்ளும் என்றால் பவர் தொடர்பான சிஇசி செட்டிங்கை மட்டும் அணையுங்கள். மொத்தமாக அணைத்தால் சில கருவிகளில் ஏஆர்சியும் சேர்ந்து போய்விடும்.

அப்புறம் பவர் கட்டளையின் வகை. சாதா பவர் பட்டன், ஆனில் இருந்தால் அணைக்கும், ஆஃபில் இருந்தால் எழுப்பும். யாராவது டிவியை மட்டும் முன்பே போட்டிருந்தால் மேக்ரோ அதை அணைத்துவிடும். ஆன் தனி, ஆஃப் தனி என்று இரண்டு கட்டளைகள் பல கருவிகளில் உண்டு. ஒரிஜினல் ரிமோட்டில் பட்டன் இருக்காது, ஆனால் கருவிக்குப் புரியும். யுனிவர்சல் ரிமோட்டின் செயலியில் பவர் ஆன், பவர் ஆஃப் என்று தனித்தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், இன்புட் பட்டனை அழுத்தினாலே எழுந்துவிடும் ரிசீவர்கள் உண்டு. உங்களுடையது அப்படியா என்று பாருங்கள். அப்படி என்றால் பவர் கட்டளையே தேவையில்லை.

பிறகு இடைவெளி. ரிசீவர் எழுந்து நிதானத்துக்கு வரச் சில விநாடி ஆகும். அதற்குள் அனுப்பும் இன்புட் கட்டளையை அது விழுங்கிவிடும். பவருக்கும் இன்புட்டுக்கும் நடுவே முதலில் 10 விநாடி வைத்து, வேலை செய்தால் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தவறும் இடத்தைவிட 2 விநாடி கூடுதலாக வைத்து நிறுத்துங்கள். மேக்ரோ ஓடும்போது ரிமோட்டைக் கருவிகளை நோக்கியே பிடிக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். பட்டனைத் தட்டிவிட்டு ரிமோட்டைச் சோபாவில் போட்டால் பாதிக் கட்டளைகள் மெத்தைக்குத்தான் போகும்.

புரொஜெக்டர் இருந்தால் இன்னொன்று. பல புரொஜெக்டர்கள் அணைக்கும்போது “உறுதியா?” என்று கேட்டு, பவரை இரண்டாம் முறை அழுத்தினால்தான் அணையும். அணைக்கும் மேக்ரோவில் பவரை இரண்டு முறை, நடுவே ஒன்று இரண்டு விநாடி விட்டுப் போடுங்கள். சூடு தணியும்வரை மறுபடி ஆன் கட்டளையை அது ஏற்காது. அது கோளாறு இல்லை.

## சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்கவில்லை

எந்த நேரத்தில் கேட்கவில்லை என்று கவனியுங்கள். மாலை வெயில் சென்சார்மேல் நேரே விழும்போது மட்டுமா? திரைச்சீலை போதும். குறிப்பிட்ட விளக்கு எரியும்போது மட்டுமா? சிஎஃப்எல், சில எல்இடி விளக்குகள் சென்சாரைக் குழப்பும், விளக்கை மாற்றுங்கள். இரண்டும் இல்லை என்றால் கேபினெட்டைப் பாருங்கள்.

கறுப்புக் கண்ணாடிக் கதவு பெரும்பாலும் ஐஆரை விடும், மரக்கதவு விடாது. இதற்கு ஐஆர் ரிப்பீட்டர் உண்டு: வெளியே ஒரு சென்சார், உள்ளே ஒவ்வொரு கருவிமேலும் ஒட்டும் சின்ன எமிட்டர். எமிட்டரைச் சரியாகச் சென்சாருக்கு மேல் ஒட்டுவதுதான் இதில் இருக்கும் ஒரே வித்தை. கைபேசியின் டார்ச்சைக் கருவியின் முகப்பில் சாய்வாக அடித்தால் கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சென்சாரின் சின்னக் குமிழ் தெரியும். எமிட்டரை உடனே ஒட்டிவிடாமல் கையில் பிடித்து நகர்த்திப் பார்த்து, வேலை செய்யும் இடத்தில் ஒட்டுங்கள். மிகக் கிட்டே இருந்தால் ஒளி அதிகமாகியும் கருவி தடுமாறும். அப்போது ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினால் சரியாகிவிடும்.

வைஃபை ஹப் (வைஃபையில் வரும் கட்டளையை ஐஆராக மாற்றி அனுப்பும் பெட்டி) வைத்திருப்பவர்கள், செட்டப் பாதியில் நின்றால், கைபேசி 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பிராட்லிங்க் ஆர்எம் 4 போன்ற ஹப்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணையும். இணைந்த பின் ஒரு அழுத்தலுக்கு இரண்டு படி போகிறது என்றால், ரிமோட் நேராக ஒருமுறையும் ஹப் வழியாக ஒருமுறையும் அனுப்புகிறதா என்று பாருங்கள், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

## செல் மாற்றியதும் எல்லாம் மறந்துவிட்டது

பழைய, மலிவான மாடல்களில் நினைவகம் செல்லை நம்பியே இருக்கும். புதுச் செல்லைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, பட்டன் எதையும் தொடாமல், சட்டென்று மாற்றுங்கள். இரண்டாம் முறையும் மறந்தால் அந்த ரிமோட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

## இதையெல்லாம் பார்த்தும் தீரவில்லை, புதிது வாங்க வேண்டும்

கருவிகளை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் ஐஆரா இல்லையா என்று கேமரா சோதனையில் தெரிந்ததைக் குறியுங்கள். ஐஆர் இல்லாதது புளூடூத்தா வைஃபையா என்பதைக் கையேட்டில் பார்த்துக் குறியுங்கள். எல்லாம் ஐஆர், கருவிகள் கண்ணெதிரே இருக்கின்றன என்றால் லேர்னிங் வசதி உள்ள சாதாரண ரிமோட்டே போதும். புளூடூத் ஒன்று இருந்தாலும் அதைப் பேசும் ரிமோட் வேண்டும். சோஃபாபேட்டன் யு1 ஐஆரும் புளூடூத்தும் பேசும். கேபினெட் மூடியே இருக்கும் வீட்டுக்கு ஹப் உள்ள மாடல். லாஜிடெக் 2021இல் ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பயன்படுத்தியது கிடைத்தாலும், அதன் செட்டப் நிறுவனத்தின் சர்வரை நம்பியிருக்கிறது என்பதை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். தொடுதிரை மட்டும் உள்ளதை நான் பரிந்துரைப்பதில்லை. இருட்டில் படம் பார்க்கும்போது கண்ணை எடுக்காமல் விரலாலேயே வால்யூமைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

சென்சார் போனது ஒன்று, மேலே சொன்னேன். சுவருக்குள் கேபிள் இழுத்து ரிப்பீட்டர் பொருத்துவது, மோட்டார் திரை, விளக்கு, பல அறை ஆடியோ ஆகியவற்றை ஒரே ரிமோட்டில் இணைப்பது ஆகியவை இன்ஸ்டாலர் வேலை. கன்ட்ரோல்4 போன்ற வீட்டு ஆட்டோமேஷன் அமைப்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதன் புரோகிராமில் பெரும்பாலான மாற்றங்களை டீலர்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆள் வரும்போது கருவிகளின் மாடல் எண்கள், உங்கள் கேமரா சோதனைப் பட்டியல், எந்த எண்ணில் எந்தப் பட்டன் வரவில்லை என்ற குறிப்பு மூன்றையும் கையில் கொடுங்கள். வேலை நேரம் குறையும். வேலை முடிந்ததும் புரோகிராம் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள்.